சிறு நீராவி ரயில் என்ஜின்: கொதிகலனை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

அசல் முதலில் வரும், மாதிரி பின்னால் வரும் என்பதே வழக்கம். நீராவி ரயில் என்ஜின் விஷயத்தில் இந்த வரிசை மாறிவிட்டது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள ரெட்ரூத்தில், போல்டன்-வாட் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் மர்டாக் 1784இல் மூன்று சக்கரச் சிறு நீராவி வண்டி ஒன்றைச் செய்தார். அதற்கு அடுப்பு ஒரு ஸ்பிரிட் விளக்கு. அதே வட்டாரத்துக்காரரான ரிச்சர்ட் டிரெவிதிக், 1790களின் இறுதியில் சிறிய மாதிரிகளை ஓட்டிப் பார்த்த பிறகுதான் 1801இல் கேம்போர்ன் சாலையில் முழு அளவு வண்டியை ஓட்டினார். 1804இல் வேல்ஸின் பெனிடாரனில் அவருடைய என்ஜின் தண்டவாளத்தில் ஏறியது. ஆக, தொடக்கத்தில் மாதிரி என்பது நகல் இல்லை, சோதனைதான்.

பெரிய என்ஜின்கள் உலகை ஆளத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. அடுத்த நூறாண்டுகள் சிறு என்ஜின் செய்தவர்கள் எல்லாரும் பெரியதைப் பார்த்துச் செய்தார்கள். அப்படிச் செய்யும்போது எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அதற்கான விடை 1920களில்தான் தெளிவடைந்தது என்பதும், அது சக்கரத்திலோ சிலிண்டரிலோ கிடைக்காமல் கொதிகலனில் கிடைத்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கம்பளத்தில் ஓடிய என்ஜின்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனின் வசதியான வீடுகளில் புழங்கிய பித்தளை என்ஜின்களுக்கு ‘பர்மிங்ஹாம் டிரிப்ளர்’ என்று பட்டப்பெயர். ஓடும் வழியெல்லாம் தண்ணீரைச் சிந்திக்கொண்டே போனதால் வந்த பெயர். ஒரு பித்தளைக் கொதிகலன், அடியில் ஸ்பிரிட் விளக்கு, முன்னும் பின்னும் ஆடி ஆடித் தானே நீராவித் துளையைத் திறந்து மூடிக்கொள்ளும் இரண்டு சிலிண்டர்கள்: அவ்வளவுதான் அதன் உறுப்புகள். தண்டவாளம் கிடையாது. முன்சக்கரங்களைச் சற்றே சாய்த்து வைத்தால் தரையில் வட்டமடிக்கும். கவிழ்ந்தால் எரியும் ஸ்பிரிட் கம்பளத்தில் கொட்டும். பெரிய என்ஜினோடு இவற்றுக்கு இருந்த உறவு புகைபோக்கியோடு முடிந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

ஒழுங்கு வந்தது ஜெர்மனியிலிருந்து. 1891இல் லைப்சிக் சந்தையில் மெர்க்லின் நிறுவனம் எண்ணிட்ட அளவுகளில் பொம்மைத் தண்டவாளங்களைக் காட்சிக்கு வைத்தது. இன்றும் 45 மில்லிமீட்டர் பாதையை ‘ஒன்றாம் அளவு’ என்றும் 32 மில்லிமீட்டர் பாதையை ‘பூஜ்ய அளவு’ என்றும் சொல்வது அந்த மரபில் வந்ததே. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் நியூரம்பெர்க் நகரத்து பிங் நிறுவனத்தின் பொருள்களைக் கண்ட நார்தாம்ப்டன்காரர் டபிள்யூ. ஜே. பாசெட்-லோக், பிரிட்டிஷ் என்ஜின்களின் சாயலில் பொம்மைகளைச் செய்து தரும்படி அவர்களிடம் ஏற்பாடு செய்துகொண்டார். வடிவமைக்க அவருக்குக் கிடைத்தவர் ஹென்றி கிரீன்லி (1876–1947). பின்னாளில் கென்ட் கடற்கரையில் 1927இல் திறக்கப்பட்ட 15 அங்குல ரோம்னி ரயில்பாதையை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்தவரும் இவரே.

இதற்கிடையே 1898இல் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் ‘மாடல் இன்ஜினியர்’ இதழைத் தொடங்கியிருந்தார். அதே ஆண்டில் ஆர்வலர்களுக்கான சங்கமும் உருவானது. கடைசல் எந்திரம் ஒன்றை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் வைத்துக்கொண்டு மாலை நேரத்தில் உலோகம் கடையும் எழுத்தர், தொழிலாளி, ஆசிரியர் என்ற ஒரு புது வகை வாசகரை இந்த இதழ் கண்டெடுத்தது. பொம்மைக் கடைக்காரர்களைவிட இந்த வாசகர்களே நம் வரலாற்றுக்கு முக்கியம்.

கொதிகலன் சண்டை

அன்றைய சிறு என்ஜின்கள் பலவற்றில் இருந்தது, 1900ஐ ஒட்டி ஃபிரெட் ஸ்மிதீஸ் உருவாக்கிய கொதிகலன். வெளியே தெரியும் உருளை வெறும் கூடு. உள்ளே அதைவிடச் சிறிய நீர்க்கலன், அதன் அடிவயிற்றில் சில நீர்க்குழாய்கள். ஸ்பிரிட் சுவாலை இரண்டுக்கும் இடையே புகுந்து போகும். எளிது, விரைவில் ஆவி தரும். ஆனால் இழுவை குறைவு, திறந்த வெளியில் காற்றடித்தால் சுவாலை தடுமாறும்.

நிலக்கரி போடலாமே என்றால், இவ்வளவு சிறிய நெருப்புப்பெட்டியில் கரி நின்று எரியாது என்பதே அக்காலத்து வல்லுநர்கள் பலரின் தீர்ப்பு. கிரீன்லியும் அந்தப் பக்கம்தான். சிறு கொதிகலனுக்கென்று தனி விதிகள் உண்டு, பெரியதை அப்படியே சுருக்குவது பேதைமை என்றார்.

இதை எதிர்த்து எழுதியவர் லில்லியன் ‘கர்லி’ லாரன்ஸ் (1883–1967). லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பதால் அதன் முதலெழுத்துகளையே புனைபெயராக்கி ‘எல்.பி.எஸ்.சி.’ என்று எழுதினார். ‘அயேஷா’ என்ற அவருடைய இரண்டரை அங்குலப் பாதை என்ஜின், பெரிய என்ஜினைப் போலவே நெருப்புப்பெட்டியும் புகைக்குழாய்களும் கொண்டது. கரியில் ஓடியது. 1920களின் முற்பாதியில் அது ஆளை ஏற்றிய வண்டியையே பலர் பார்க்க இழுத்துக் காட்டியது. வாசகர் கடிதங்களில் கொதித்த இந்த விவாதத்துக்கு ‘கொதிகலன் சண்டை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1924 முதல் அவர் அந்த இதழில் தொடர்ந்து எழுதலானார்.

வென்றது லாரன்ஸ் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த வெற்றியைப் பெரியதை அப்படியே சுருக்கும் கொள்கைக்குக் கிடைத்த வெற்றியாகப் படிப்பது பிழை. லாரன்ஸின் கொதிகலனைப் பிளந்து பார்த்தால் கிரீன்லி சொன்னதில் பாதி உள்ளே இருக்கிறது.

கணக்கு சொல்வது

மூன்றரை அங்குலப் பாதை என்பது ஏறத்தாழ 16இல் ஒரு பங்கு. நீளம் 16 மடங்கு குறைந்தால் பரப்பு 256 மடங்கும் கன அளவு 4,096 மடங்கும் குறையும். 100 டன் என்ஜின் ஒன்று இந்தக் கணக்குப்படி சுமார் 24 கிலோவாகும். கொள்ளும் தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறு கொதிகலனுக்கு வெளிப்பரப்பு 16 மடங்கு அதிகம். அந்த அளவுக்கு வெப்பமும் வெளியே ஓடும்.

புகைக்குழாயில் சிக்கல் இன்னும் கூடுதல். பெரிய என்ஜினில் 2 அங்குலக் குழாய்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றை விகிதப்படி சுருக்கினால் குழாய் 3 மில்லிமீட்டர்தான் வரும். கரிப்புகை அதற்குள் போகாது, போனாலும் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். ஆகவே எண்ணிக்கையைப் பத்திருபதாகக் குறைத்து, குழாயைப் பருமனாக்கினார்கள். எவ்வளவு பருமன் என்பதற்குப் பின்னர் சி. எம். கெய்லர் தந்த விதி இன்றும் புழக்கத்தில் உள்ளது: குழாயின் நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், அங்குலக் கணக்கில், 50க்கும் 70க்கும் இடையே வர வேண்டும். முக்கால் அங்குலத்தில் பாதி உள்விட்டம் என்றால் ஏறத்தாழ 9 அங்குல நீளம். விகிதத்துக்கு உண்மையாக இருந்த கொதிகலன் அணைந்துபோனது, விகிதத்தை மீறியது ஆவி தந்தது.

வேலைமுறையும் மாறியது. முதலில் செம்புத் தகடுகளை ரிவெட்டு அடித்து, மூட்டுகளில் ஈயப் பற்று ஊற்றி அடைத்தார்கள். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் நீராவி சுமார் 162 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஈயப் பற்றோ 200 டிகிரியை ஒட்டி உருகிவிடும். தண்ணீர் கொஞ்சம் இறங்கினால் மூட்டு கதை முடிந்தது. வெள்ளிப் பற்றவைப்பு இந்த அச்சத்தைத் தீர்த்தது. அது உருகவே 600 டிகிரிக்கு மேல் வேண்டும். செம்புத் தகட்டை அச்சுக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் விளிம்பு மடிப்பார்கள். அடிக்க அடிக்கச் செம்பு விறைக்கும். மறுபடி செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் குழைவு திரும்பும். ஒரு விளிம்புக்கே இது பலமுறை நடக்கும். பிறகு நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்துக் கசடு நீக்கி, மூட்டுக்குப் பற்று ஓட விடுவார்கள்.

நுணுக்கம் எங்கே போனது

வெளித்தோற்றத்தில் நுணுக்கம் தேடியவர்களுக்கு விடுதலை தந்தது மின்மோட்டார். நெருப்பும் நீரும் இல்லாத என்ஜினில் எந்த உறுப்பையும் விகிதப்படி செய்யலாம். 1966இல் வெளியான ‘புரோட்டோஃபோர்’ தரம் 4 மில்லிமீட்டர் அளவுகோலில் பாதை அகலத்தை 18.83 மில்லிமீட்டர் என்று வகுத்தது. அதுவரை பரவியிருந்த 16.5 மில்லிமீட்டர் பாதை அந்த அளவுகோலுக்குக் குறுகலானது. இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இந்த வித்தியாசத்துக்காகச் சக்கரம் முதல் சட்டகம் வரை எல்லாவற்றையும் புதிதாகச் செய்தவர்கள் உண்டு. அரித்தெடுத்த பித்தளைத் தகடுகளும் மெழுகு வார்ப்புகளும் இந்தப் பிரிவிலேயே செழித்தன.

நீராவியில் ஓடும் என்ஜினுக்கு அந்தச் சலுகை இல்லை. ஓட்டுபவரின் கை சுருங்காது, ஆகவே ஓட்டுநர் அறையின் கூரை கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை விகிதப்படி மெலியச் செய்தால் நீரின் பரப்பு இழுவிசை பொய் மட்டம் காட்டும். அதனால் அது பருமனாகவே நிற்கும். நீராவியின் வேகத்தாலேயே தண்ணீரைக் கொதிகலனுக்குள் தள்ளும் இன்ஜெக்டரை எடுத்துக்கொள்வோம். 1858இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜிஃபார் காப்புரிமை பெற்ற கருவி அது. அதன் சிறு வடிவத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கூம்புகள், குறுகிய தொண்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கூம்புக்கேற்ற துளைசீவியைச் செய்பவரே வெள்ளி எஃகில் கடைந்துகொள்வார். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், அது தண்ணீரைத் தரையில் துப்பும். வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது ஒரு சிறு பித்தளைக் கட்டை மட்டுமே. சன்னல் ஓரத்து ரிவெட்டுகளை எண்ணுபவர் இதைக் கவனிக்க மாட்டார். என் மதிப்பீட்டில் இந்தத் துறையின் உச்ச வேலை இதுதான்.

1969இல் பிரிட்டனில் தொடங்கிய சர்வதேசத் திறன் போட்டியில், எரித்த கரிக்கும் இழுத்த வேலைக்கும் உள்ள விகிதம் அளக்கப்படுகிறது. நல்ல என்ஜினுக்கும் கிடைப்பது சில சதவீதமே. அந்தச் சில சதவீதத்துக்குப் பின்னால், ஒவ்வொரு திருகுக்கும் அளவு சொல்லி வாரந்தோறும் லாரன்ஸ் எழுதிய பாடங்கள் இருக்கின்றன. ‘டிச்’ போன்ற அவருடைய சிறு என்ஜின்களை அவற்றைப் படித்தே வீட்டில் செய்தார்கள்.

நுண்மாதிரி வரலாற்றை ஆராய்பவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே நிற்பவற்றில் பல, நெருப்பே காணாதவை. உண்மையில் ஓடியவை தேய்ந்தும் கொதிகலன் மாற்றப்பட்டும் போய்விட்டன. அவற்றின் தடம் பழைய இதழ்த் தொகுதிகளின் வரைபடங்களிலும் வாசகர் கடிதங்களிலும் இருக்கிறது. ஆய்வு அங்கிருந்து தொடங்கட்டும்.