முதியோருக்கான செயற்கைக் கால்: ஒரு வரலாறு

உலகில் இதுவரை கிடைத்த செயற்கை உறுப்புகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, எகிப்தின் தீப்ஸ் நகர்ப் பகுதியில் கல்லறையொன்றில் இருந்த மரத்தாலான கால் பெருவிரல். கி.மு. 950-க்கும் 710-க்கும் இடைப்பட்டது. மரமும் தோலும் சேர்த்துச் செய்தது. அதை அணிந்திருந்த பெண் 50 முதல் 60 வயதுக்குள் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். சீனாவின் துர்பான் பகுதியில் கிடைத்த, இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான மரக்காலுக்கு உரியவர், 50 வயதைத் தாண்டிய ஓர் ஆண். அவருடைய முழங்கால் மடங்கியபடியே இறுகிப் போயிருந்தது. அதனால் தொடையோடு தோல்வாரால் இழுத்துக் கட்டும் ஒரு மரப்பலகையைச் செய்து, அதன் கீழ்முனை தேயாமலிருக்கக் குளம்பை மாட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் நாட்பட்ட உபயோகத்தின் தேய்மானம் தெரிகிறது. பழைய சான்றுகளில் இப்படி முதியவர்கள் முன்வந்து நின்றாலும், இந்தத் தொழில் பிறகு வளர்ந்தது அவர்களுக்காக அல்ல, போர்வீரர்களுக்காக.

16-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் படை அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே, தொடையில் எடுக்கப்பட்ட காலுக்கு இரும்புக் கால் ஒன்றை வடிவமைத்துத் தம் நூலில் படத்துடன் விளக்கினார். நிற்கும்போது முழங்கால் மடங்காமல் பூட்டிக்கொள்ளலாம்; உட்காரும்போது பூட்டை விடுவிக்கலாம். எடை மிகுந்த இந்தக் கால் வசதி படைத்தவர்களுக்கே எட்டியது. ஏழைகளுக்கு நேரான கட்டைக்கால்தான். ஆனால் பாரேயின் பூட்டு, அவருக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் முதியோர் மருத்துவத்தில் விடாமல் தொடர்ந்து வந்தது.

1815-இல் வாட்டர்லூ போரில் காலிழந்த ஆங்கிலேயத் தளபதி ஆங்கிள்சீ பிரபுவின் கால் இதற்கு நேர் எதிரானது. லண்டன் செல்சியைச் சேர்ந்த ஜேம்ஸ் பாட்ஸ் செய்த அந்த மரக்காலில் எஃகு முழங்கால் மூட்டும், முழங்காலையும் கணுக்காலையும் இணைக்கும் நரம்புக் கயிறுகளும் இருந்தன. முழங்கால் மடங்கினால் பாதத்தின் முன்பகுதி தானாக உயரும். நடக்கும்போது விரல் தரையில் இடறாது. பிரபு 1854-இல் தமது 85-ஆம் வயதில் இறந்தார். ஏறத்தாழ 39 ஆண்டுகள் செயற்கைக் காலோடு வாழ்ந்து முதுமை கண்டவர் அவர். அக்காலத்தில் அந்தப் பேறு வெகு சிலருக்கே வாய்த்தது.

முதல் உலகப் போரில் மட்டும் பிரிட்டனில் 41,000-க்கு மேற்பட்ட வீரர்கள் கை அல்லது கால் இழந்தார்கள். 1915-இல் லண்டனை ஒட்டிய ரோஹாம்ப்டனில் தொடங்கிய குயீன் மேரி மருத்துவமனை அவர்களுக்கான பெரிய மையமாயிற்று. விமான விபத்தில் காலிழந்த மார்சல் டெசூட்டரும் அவருடைய சகோதரரும் அதற்குச் சற்று முன்புதான், மரத்துக்குப் பதில் டியூராலுமின் என்னும் இலேசான உலோகக் கலவையில் கால் செய்து காட்டியிருந்தார்கள். இவை எல்லாம் இருபது, முப்பது வயது உடலை மனத்தில் வைத்துச் செய்தவை. நல்ல இதயமும் வலுவான மறுகாலும் உடையவர் எடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். தவறி விழுந்தால் எழுந்துவிடுவார்.

இந்தக் கணக்கு 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் மாறியது. 1948-இல் பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை வந்தபோது, போர் ஓய்வூதியர்களுக்காக இருந்த செயற்கை உறுப்பு மையங்கள் பொதுமக்களுக்கும் திறந்தன. அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ரத்தக்குழாய் அடைப்பாலோ சர்க்கரை நோயாலோ காலை இழந்தவர்கள். 1922-இல் இன்சுலின் சிகிச்சைக்கு வந்ததும் சர்க்கரை நோயாளிகளின் ஆயுள் நீண்டது. நீண்ட ஆயுளில் ரத்தக்குழாய் கெட்டு, பாதத்து உணர்ச்சி மரத்து, ஆறாத புண் அழுகலாகும் வாய்ப்பும் சேர்ந்தது. ஒரு காலைக் கெடுத்த அதே நோய் மறுகாலையும் இதயத்தையும் கண்ணையும் விட்டுவைப்பதில்லை. இப்படிப்பட்டவருக்கு, ஓடும் கால் எதற்கு? கட்டிலிலிருந்து எழுந்து கழிப்பறை வரை விழாமல் போய்வரும் கால் போதும். அந்த எளிய தேவையை நிறைவேற்றுவதுதான் இந்தத் துறையில் மிகக் கடினமான வேலையாயிற்று.

முதல் தடை அறுவையிலேயே இருந்தது. ரத்த ஓட்டம் குறைந்த காலில் முழங்காலுக்குக் கீழே எடுத்தால் காயம் ஆறாது என்று அஞ்சி, பலருக்கும் தொடையிலேயே எடுத்துவந்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் சியாட்டில் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் பர்கெஸ், ரத்த ஓட்டம் மிகுந்த பின்சதையை நீளமாக விட்டு அதையே முன்னால் மடித்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். அதனால் பல முதியவர்களுக்குச் சொந்த முழங்கால் மிஞ்சியது. அதன் மதிப்பை 1976-இல் ராபர்ட் வாட்டர்ஸ் குழுவின் ஆய்வு அளந்து காட்டியது: கால் எவ்வளவு மேலே எடுக்கப்படுகிறதோ, அவ்வளவுக்கு நடை மெதுவாகிறது, ஒவ்வொரு அடிக்கும் செலவாகும் ஆற்றல் கூடுகிறது. பலவீனமான இதயம் உடையவருக்கு மூட்டு மிஞ்சுவதா, போவதா என்பது நடப்பதா, சக்கர நாற்காலியா என்பதாகவே முடியும். இத்துறையின் வரலாற்றில் எந்த இயந்திரக் கண்டுபிடிப்பையும்விட முதியவர்களுக்கு அதிகம் உதவியது இந்த அறுவை மாற்றம்தான் என்று துணிந்து சொல்லலாம்.

தொடையில் எடுக்கப்பட்டவர்களுக்குப் பாரேயின் பூட்டு புது உருவில் வந்தது. நிமிர்த்தினால் தானே பூட்டிக்கொள்ளும், உட்காரும்போது கையால் விடுவிக்கும் மூட்டு இது. முழங்கால் மடங்கி விழும் பயம் இல்லை. ஆனால் விறைத்த கால் தரையில் உரசாமலிருக்க அதை ஒரு சென்டிமீட்டர் போலக் குட்டையாக்க வேண்டும். நடப்பவர் இடுப்பைத் தூக்கித் தூக்கி அடி வைப்பார். உடல் எடை விழும்போது மட்டும் உராய்வால் இறுகும் மூட்டுகள் இந்தக் குறையைப் பாதி தீர்த்தன. 1970-களில் ரோஹாம்ப்டனில் உருவான காற்றுப்பைக் கருவி இன்னொரு வழியைத் திறந்தது. 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு ஊதிய பை, வெட்டிய காலைச் சுற்றிப் பிடிக்கும். வெளியே ஒரு சட்டம் எடையைத் தாங்கும். அறுவை நடந்த ஒரு வாரத்திலேயே நோயாளியை நிற்கவைத்து, செயற்கைக் கால் அவருக்கு ஏற்குமா என்று அறிந்துகொள்ளலாம்.

காலை மாட்டும் குழியான சாக்கெட் எப்போதும் தனிப் பிரச்சினை. முதியவரின் தோல் மெல்லியது. வீக்கம் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. 1950-களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில், முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் எடையில் ஒரு பங்கைத் தாங்குமாறு வடிவமைத்த சாக்கெட் வந்தது. தொடையை இறுக்கும் தோல் கச்சையும் பக்கவாட்டு இரும்பும் அத்துடன் பலருக்கு விலகின. 1986-இல் ஐஸ்லாந்தின் ஓசூர் கிறிஸ்டின்சன் கொண்டுவந்த சிலிக்கோன் உறை தோலை உராய்விலிருந்து காத்தது. ஆனால் அதைச் சுருட்டி ஏற்ற விரலில் வலு வேண்டும். மூட்டுவாதக் கைகளுக்கு அது எளிதாக வரவில்லை, இன்றும் வருவதில்லை.

1997-இல் ஜெர்மனியின் ஓட்டோ பாக் நிறுவனம் வெளியிட்ட சி-லெக் மூட்டில், உணரிகளும் நுண்செயலியும் ஒவ்வொரு கணமும் மடக்கத்தின் எதிர்ப்பைச் சரிசெய்தன. தடுமாறினால் மூட்டு சட்டென்று மடங்கி விழாது, தாங்கிப் பிடிக்கும். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் வயதினருக்கே இது அதிகம் தேவை. ஆனால் அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, நோயாளியின் நடைத்திறனைப் பூஜ்யம் முதல் நான்கு வரை தரம் பிரித்து, சுறுசுறுப்பாக நடப்போருக்கு மட்டுமே இத்தகைய மூட்டை அனுமதித்தது. வீட்டுக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் மட்டும் நடமாடும் இரண்டாம் தரத்தார் வெளியே நின்றார்கள். மெதுவாக நடப்பவரும் இந்த மூட்டால் குறைவாக விழுகிறார் என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டிய பின், 2024 செப்டம்பரில்தான் அவர்களுக்கும் அது நிபந்தனைகளோடு அனுமதிக்கப்பட்டது.