உதவித்தொகையும் ஓர் உறுதிமொழியும்

வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகைகளின் வரலாற்றை எழுதுபவர்கள் யார் கொடுத்தார்கள், யார் பெற்றார்கள் என்று எழுதுகிறார்கள். பெற்றவர் வாழ்க்கையில் திருமணம் என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அதில் பெண்களின் இடம் தெரியும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1917இல் ஆசியப் பெண்களுக்கென்றே பார்பர் உதவித்தொகையை ஏற்படுத்தியது. தலச்சேரியில் பிறந்து சென்னையில் ஆசிரியராக இருந்த ஜானகி அம்மாள் அதில் போய்த் தாவரவியல் படித்தார். 1931இல் முனைவரானார், திருவனந்தபுரத்தில் பேராசிரியராகவும் இருந்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

எங்கள் தோவாளை 1956 வரை திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்த ஊர். அந்தத் திருவிதாங்கூரின் பல்கலைக்கழகத்தில்தான் உழவூரின் ஏழைத் தலித் குடும்பத்திலிருந்து வந்த கே.ஆர். நாராயணனும் படித்தார். டாட்டா உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1951இல் பர்மியப் பெண்ணை மணக்க அவருக்குச் சிறப்பு அனுமதி தேவைப்பட்டது, நேரு கொடுத்தார். பணி தொடர்ந்தது, 1997இல் குடியரசுத் தலைவரானார். சாதிச் சுவரைத் தாண்ட அவருக்கு அந்தப் பணம் உதவியதை நான் சிறிதாக எண்ணவில்லை.

அதே 1949இல் அதே பணியில் சேர்ந்த முதல் பெண், குடகைச் சேர்ந்த சி.பி. முத்தம்மா. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். திருமணம் செய்தால் பதவி விலகுவேன் என்று அவரிடம் உறுதிமொழி வாங்கினார்கள். 1961ஆம் ஆண்டு விதிகளின்படி, பெண் அதிகாரி மணமுடிக்க அரசிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிப்பதாக அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். குடும்பப் பொறுப்பு ஆணின் வேலையையும் பாதிக்கலாமே என்று 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கேட்டார். அதற்குள் அவருக்குப் பதவி உயர்வு தந்துவிட்டார்கள். அனுமதி விதியையும் நீக்கிவருவதாக அரசு சொன்னது.

இன்று வெளியுறவுக் கொள்கை ஆய்வுக்கு வெளிநாடு போக விண்ணப்பிக்கும் என் மாணவியிடம் யாரும் அப்படிக் கையெழுத்துக் கேட்பதில்லை. தோவாளைச் சந்தைக்குப் பூக்கட்டும் அவள் அம்மா என்னிடம் கேட்டார்: “கலியாணம் கழிஞ்ச பொறவு போனா போராதா டீச்சர்? மாப்ள கூட்டிட்டுப் போவாருல்லா?”

இதை அறியாமை என்று நான் ஒதுக்கமாட்டேன். இரண்டு வருடம் கழித்து வயது ஏறித் திரும்பும் மகளுக்கு வரன் அமையுமா, எத்தனை பவுன் கூடும் என்ற கணக்கு அது. விமான டிக்கெட்டும் மாதச் செலவும் தரும் நிறுவனம் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அதனால் விண்ணப்பம் திருத்துவதோடு என் வேலை முடிவதில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் இன்னும் பலமுறை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.