ஆட்டுக்கறி வறுவலுக்கான வைன் தேர்வு

ஆட்டுக்கறி வறுவலுக்கான வைன் தேர்வு என்பது கறியின் கொழுப்பு, மசாலாவின் காரம் ஆகியவற்றுக்கு ஏற்ப வைனின் துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு, சாராய அளவு ஆகியவற்றைப் பொருத்திப் பார்க்கும் முறை. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், தீயில் வாட்டிய இளம் செம்மறிக் கறிக்குத் துவர்ப்பு மிகுந்த கபர்னே சாவிஞ்ஞோன் என்னும் சிவப்பு வைன் மரபான துணை. கறியின் புரதமும் உப்பும் அத்துவர்ப்பைத் தணிக்கின்றன. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரச் சமையலுக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. இங்கு வேகவைத்த கறியைச் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, சோம்பு, மிளகு, மிளகாயுடன் எண்ணெய் பிரியும்வரை சுருளக் கிளறுகிறார்கள். நாவில் முந்துவது காரமே. மிளகாயின் கேப்சைசின் தூண்டும் அதே எரிச்சல் உணர்வைச் சாராயமும் தூண்டுவதால், சாராய அளவு கூடிய வைன் காரத்தை இன்னும் ஏற்றிவிடும்.

ஷிராஸ் என்னும் சிவப்பு வைனிலேயே மிளகு மணம் இருப்பதால் அதுவே எல்லா வறுவலுக்கும் போதும் என்பர். ரோட்டண்டோன் என்னும் மணச் சேர்மம் ஷிராஸ், மிளகு இரண்டிலும் இருப்பது உண்மை. ஆனால் மணம் ஒத்துப்போவதால் எரிச்சல் குறைந்துவிடாது. மிளகு தூக்கலாக, மிளகாய் அடக்கமாக உள்ள வறுவலுக்கு மகாராஷ்டிரத்தின் நாசிக் ஷிராஸ் நன்று. மிளகாய் மிகுந்ததற்கு, லேசான இனிப்புள்ள வெள்ளை வைனான செனின் பிளாங்க்கைக் குளிரவைத்துப் பரிமாறுவதே மேல்.