அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் ஆலோசனைச் சேவை: ஒரு வரலாற்று நோக்கு

உயர்கல்வியின் வாயில் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டதும், அதனூடு நுழைந்தோர் அனைவரும் கல்வியின் பயனைப் பெற்றுவிடுவர் எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. நுழைதலுக்கும் நிறைவுசெய்தலுக்கும் இடையே நீண்ட தொலைவு உண்டு. அத்தொலைவில் மாணவருக்கு வழிகாட்டவென அமைந்ததே ஆலோசனைச் சேவையாகும். ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் இச்சேவை வளர்ந்த முறையை நோக்குமிடத்து, அது எக்காலத்தும் மாணவர் நலன் ஒன்றையே குறியாகக் கொண்டிருக்கவில்லை என்பது புலனாகும். ஒரு காலகட்டத்தில் மாணவரின் அவாவைத் தணிக்கும் கருவியாக இருந்த அதே சேவை, பிறிதொரு காலகட்டத்தில் அவ்வவாவுக்குத் துணைநிற்கும் கருவியாக மாறியது. இம்மாற்றத்தின் காரணிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமுதாயக் கல்லூரி என்பது ஈராண்டுக் கல்வியை வழங்கும் நிறுவனம். அங்கு பயில்வோர் தொழிற்சான்றிதழ் பெற்று வெளியேறலாம். அன்றேல் நான்காண்டுப் பட்டப்படிப்பை நிறைவுசெய்யப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லலாம். இவ்வகைப் பொதுக் கல்லூரிகளுள் மிகப் பழையதாகக் கொள்ளப்படுவது இலினோய் மாநிலத்தில் 1901இல் தொடங்கிய ஜோலியற் கல்லூரியாகும். சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் றெய்னி ஹாப்பரின் கருத்துக்கள் அதன் தோற்றத்துக்குத் தூண்டுகோலாயின. கனிஷ்ட கல்லூரி என வழங்கிய இந்நிறுவனங்களுக்குச் சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் பரவலானது 1947இல் வெளிவந்த ட்றூமன் ஆணைக்குழு அறிக்கையின் பின்னரேயாகும். 1944ஆம் ஆண்டின் படைவீரர் சட்டம் போரிலிருந்து மீண்டோருக்குக் கல்வி வாய்ப்பளித்தமையும் மாணவர் தொகை பெருகக் காரணமாயிற்று.

ஆலோசனைச் சேவைக்கு வேறொரு மூலம் உண்டு. பொஸ்ரன் நகரில் 1908இல் பிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டற் பணியகம் ஒன்றை நிறுவினார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பனவே அவரது முறையின் அடிப்படைகள். குடிபெயர்ந்து வந்த ஏழை இளைஞருக்கு உதவும் நோக்குடன் எழுந்த இவ்வியக்கம், ஆளைத் தொழிலுக்குப் பொருத்துதல் என்ற கருத்தைக் கல்விக்கூடங்களுக்கும் கொண்டுசென்றது. பின்னர் அளவீட்டுச் சோதனைகள் பெருகியபோது, எவர் எதற்குப் பொருத்தமானவர் எனத் தீர்மானிக்கும் அதிகாரம் மாணவரிடமிருந்து சோதனைத்தாளுக்கும் அதனை வாசித்துரைக்கும் ஆலோசகருக்கும் படிப்படியாகக் கைமாறிற்று.

இதன் விளைவு கலிபோர்ணியாவில் தெளிவாகத் தென்பட்டது. 1960இல் அம்மாநிலம் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், உயர்நிலைப் பள்ளி மாணவருள் முதல் எட்டிலொரு பகுதியினரைக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றிலொரு பகுதியினரை மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியவராக்கியது. கனிஷ்ட கல்லூரியின் கதவு ஏனைய யாவர்க்கும் திறந்திருந்தது. ஆயின், கதவு திறந்திருக்கையில் உள்ளே தெரிவு நிகழாதிருந்ததா?

இவ்வினாவுக்கு அதே 1960ஆம் ஆண்டிலே விடை தந்தவர் சமூகவியலாளர் பேர்ட்டன் கிளார்க். சான் ஹோசே கனிஷ்ட கல்லூரியை ஆராய்ந்த அவர், ஆலோசகரின் பணியை விளக்க ஏர்விங் கொஃப்மன் 1952இல் எழுதிய கட்டுரையொன்றின் கருத்தைக் கையாண்டார். சூதாட்ட மோசடியில் பணமிழந்தவன் கூச்சலிடாதிருக்கும்படி அவனை ஆற்றித் தேற்றுவதற்கு மோசடிக்காரர் ஒருவனை விட்டுச் செல்வர் என்பது கொஃப்மன் காட்டிய உதாரணம். பல்கலைக்கழகம் செல்லும் எண்ணத்துடன் வந்த மாணவரைக் கல்லூரியும் இவ்வாறே தணிக்கின்றது என்றார் கிளார்க். அனுமதிக்கு முந்திய சோதனை, ஆலோசகருடனான நேர்முகம், கல்லூரி அறிமுகப் பாடநெறி, முன்னேற்றம் வேண்டும் என்னும் அறிவித்தல், நன்னடத்தைக் காலம் போன்ற ஒரு தொடர் என அதன் படிகளை அவர் விவரித்தார். எவரும் வெளிப்படையாக மறுக்கப்படுவதில்லை. மாணவர் தமது இலக்கைத் தாமே மாற்றிக்கொண்டதாக எண்ணி அமைதியுறுகின்றனர். சமூகம் அனைவருக்கும் ஊக்கமளிக்கின்றது. இடமோ சிலருக்கே உண்டு. இம்முரண்பாட்டின் பாரத்தை ஆலோசகரின் மேசை தாங்கியது.

கிளார்க் இதனைத் தனி ஆலோசகரின் கொடுமையாகக் காட்டவில்லை. அமைப்பின் தேவையாகவே கண்டார். ஆனால், தணிக்கப்படுவோர் யார் என்ற வினா எஞ்சி நின்றது. 1972இல் ஜெரோம் கறபெல் அவ்வினாவை எழுப்பினார். தொழிலாளர் குடும்பங்களினதும் சிறுபான்மை இனங்களினதும் பிள்ளைகளே பெருமளவில் இக்கல்லூரிகளுக்கு வந்தமையால், வர்க்க வேறுபாடு ஆலோசனை என்ற பெயரில் மீளுற்பத்தி செய்யப்பட்டது என்பது அவரது வாதம்.

மாற்றம் கல்வியாளரின் விவாதத்தினால் மட்டும் விளைந்ததன்று. குடியுரிமைப் போராட்டங்களும், சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968இல் தொடங்கிய வேலைநிறுத்தம் போன்ற மாணவர் கிளர்ச்சிகளும் நிறைந்த சூழலில், கலிபோர்ணியச் சட்டமன்றம் 1969இல் விரிவாக்கப்பட்ட வாய்ப்புத் திட்டத்தை நிறைவேற்றியது. பொருளாதாரத்திலும் கல்வியிலும் பின்தங்கிய மாணவருக்கு உதவிப்பணம், பாடநூல், தனிப் போதனை ஆகியவற்றோடு ஆலோசனையும் இதன்கீழ் வழங்கப்பட்டது. தோல்வியுற்ற பின் மாணவரை அழைத்துத் தேற்றுவதற்குப் பதிலாக, தோல்விக்கு முன்னரே பன்முறை சந்தித்தல் வழக்காயிற்று. சிறுபிள்ளைகளைத் தனித்து வளர்க்கும் வறிய பெற்றோருக்கென 1982இல் துணைத்திட்டமொன்றும் சேர்க்கப்பட்டது.

1981இல் ஹேவார்ட் நகரின் சாபோட் கல்லூரியில் தோன்றிய புவெந்தே திட்டம் இன்னொரு படியாகும். ஸ்பானிய மொழியில் இச்சொல் பாலத்தைக் குறிக்கும். ஆலோசகர் ஃபீலிக்ஸ் கலாவிஸ், ஆங்கில ஆசிரியை பற்றீசியா மக்ராத் ஆகிய இருவரும் இதனை ஆரம்பித்தனர். மெக்சிக்க வம்சாவளி மாணவர் பலர் எழுத்துப் பாடநெறிகளை இடையில் கைவிட்டமையும் ஆலோசகரை நாடாதிருந்தமையும் அவர்களது கவனத்தை ஈர்த்தன. எனவே ஆலோசகர் வகுப்பறைக்கு வந்தார். மாணவரின் சொந்தச் சமூக அனுபவம் எழுத்துக்குப் பொருளாயிற்று. அச்சமூகத்தில் தொழில்புரிவோர் வழிகாட்டிகளாயினர். மாணவரின் பண்பாடு குறைபாடாக அன்றி ஆதாரமாகக் கொள்ளப்பட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இவ்வளர்ச்சி நேர்கோட்டில் செல்லவில்லை. 1978இன் 13ஆம் பிரேரணை சொத்துவரியைக் கட்டுப்படுத்தியதால் கல்லூரிகளின் உள்ளூர் வருவாய் சுருங்கியது. 1984இல் முதன்முறையாக மாநிலம் முழுவதும் கட்டணம் விதிக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அறிமுகம், மதிப்பீடு, ஆலோசனை, பின்தொடர்தல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. எனினும், மதிப்பீட்டுச் சோதனை மாணவர் பலரைப் பல்கலைக்கழகத் தகுதி வழங்காத பரிகாரப் பாடநெறிகளில் நீண்டகாலம் நிறுத்தி வைத்தது. 2012இன் மாணவர் வெற்றிச் சட்டம் கல்வித் திட்டமொன்றை ஒவ்வொருவருக்கும் வகுக்க முற்பட்டது. 2017இல் இயற்றப்பட்ட சட்டம் பள்ளிப் பெறுபேறுகளை முதன்மைப்படுத்தி, சோதனையின் ஆதிக்கத்தைக் குறைத்தது. கிளார்க் காட்டிய முதற்படி சட்டத்தால் தளர்த்தப்படுவதற்கு 57 ஆண்டுகள் சென்றன.

ஆலோசனையின் பயனை அளந்தறிய உதவியது நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய விரைவுக் கல்வித் திட்டமாகும். குலுக்கல் முறையில் மாணவரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வின்படி, மூன்றாண்டுகளில் திட்டத்தில் சேர்ந்தோருள் 40 வீதத்தினர் கல்வியை நிறைவுசெய்தனர். சேராதோருள் 22 வீதத்தினரே அதனை எய்தினர். திட்டத்தில் ஓர் ஆலோசகரின் பொறுப்பில் 60 முதல் 80 வரையான மாணவர் இருந்தனர். வழமையான சேவையிலோ 600 முதல் 1500 வரையானோர். ஆலோசனை தனித்துச் செயற்படவில்லை என்பதும் உண்மை. கட்டண நிவாரணம், பாடநூல், இலவசப் பிரயாண அட்டை என்பனவும் உடன் வழங்கப்பட்டன. பசியோடும் பேருந்துக் கட்டணமின்றியும் நிற்கும் மாணவருக்கு அறிவுரை மட்டும் ஆதரவாகாது. அதேவேளை, முழுநேரக் கல்வியை இத்திட்டம் நிபந்தனையாக்கியதால், வேலை செய்துகொண்டு பகுதிநேரம் பயில்வோர் பெரும்பாலும் இதற்கு வெளியே நின்றனர்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஆலோசனைச் சேவையின் தன்மையைத் தீர்மானித்தது ஆலோசகரின் இன்சொல்லன்று என்பது தெளிவாகும். தணித்த காலத்திலும் அவர் இன்சொல்லே பேசினார். மாணவரின் இலக்கை நிர்ணயிப்பவர் யார், ஓர் ஆலோசகரின் நேரத்தைப் பங்கிடுவோர் எத்தனை பேர், அறிவுரையோடு சேர்ந்து வரும் பொருளுதவி யாது என்னும் மூன்றுமே அதனைத் தீர்மானித்தன. ஒரு நிறுவனம் தனது இடப்பற்றாக்குறையை மாணவரின் தகுதிக்குறைவாக எடுத்துரைக்கும்படி ஆலோசகரைப் பணிக்கும்வரை, எத்துணைப் பரிவுள்ள ஆலோசனையும் மறுப்பின் மென்மையான வடிவமாகவே அமையும். அப்பணியிலிருந்து ஆலோசகர் விடுவிக்கப்படும்போதே திறந்த கதவு உண்மையான வாயிலாகின்றது.