ரகீப் ஷா

ரகீப் ஷா (பிறப்பு 1974), கல்கத்தாவில் பிறந்து, காஷ்மீரத்தில் வளர்ந்து, 1998 முதல் லண்டனில் வாழ்ந்துவரும் ஓவியர். எனாமல், அக்ரிலிக், மினுக்குத் தூள், பளிங்குக் கற்கள் முதலிய பல பொருள்களை ஒரே பலகையில் கூட்டி, ஜப்பானியச் சித்திரங்களின் அலங்காரத்தையும் ஐரோப்பியப் பழஞ்சித்திரங்களின் அமைப்பையும் தம் இளமை கழிந்த பள்ளத்தாக்கின் நினைவுகளையும் ஒன்றாக இழைத்தவர்.

அவர் குடும்பத்தார் கம்பளமும் சால்வையும் விற்ற வணிகர்கள். காஷ்மீரத்தில் கலவரம் மூண்ட காலத்தில் அவர்கள் டெல்லிக்குக் குடிபெயர்ந்தனர். கடைக் காரியமாக லண்டன் சென்ற இளைஞர், அங்குள்ள தேசிய சித்திரசாலையில் ஹோல்பைன் 1533இல் தீட்டிய ‘தூதர்கள்’ படத்தின் முன் நின்றபோது, இனி ஓவியமே தம் வாழ்வு என்று நிச்சயித்துக்கொண்டார். அந்தப் படத்தில் இரு தூதர்களுக்கும் நடுவே மேசைமேல் விரித்திருப்பது கீழைநாட்டுக் கம்பளம் ஒன்று என்பதைக் கம்பள வணிகர் வீட்டுப் பிள்ளையின் கதையில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பின்னர் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் இளங்கலையும் முதுகலையும் பயின்றார்.

ஷாவின் சிறப்பெல்லாம் அவருடைய செய்முறையில் இருக்கிறது. பலகைமேல் உருவங்களின் விளிம்பைப் பொன்னிறப் பசையால் மெல்லிய வரப்பாக எழுப்பி, அவ்வரப்புகளுக்குள் எனாமலையும் உலோக வர்ணத்தையும் ஊற்றி, அது இறுகுமுன் முள்ளம்பன்றியின் முள்ளால் தள்ளியும் கலக்கியும் இறகுக்கு இறகின் சாயலும் மீனுக்குச் செதிலின் பளபளப்பும் வருவிக்கிறார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த வேலையின் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை: கைப்பையின் வெட்டுவாய் ஓரத்துக்குச் சாயம் தடவி, உலரவிட்டு, தேய்த்து, மறுபடியும் தடவும் தொழிலாளி, ஒரு சொட்டு மிகுந்து முகத்தோலில் வழிந்தாலும் உருப்படியே ‘ரிஜெக்ட்’ ஆகிவிடும் என்று மூச்சை அடக்கிக் கொள்வாரல்லவா, அந்த நிதானமே சதுர அங்குலந்தோறும் இங்கே வேண்டியிருக்கிறது.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அச்சுச் சித்திரங்கள், ‘பியோபு’ எனப்படும் மடிப்புத் திரைகள், ‘உச்சிகாகே’ என்னும் மணமகள் மேலங்கி, அரக்கு மெருகிட்ட பேழைகள் ஆகியவற்றில் ஷா ஈடுபாடு கொண்டவர். பூவும் பறவையும் அங்கிருந்து வந்தவை என்று காட்டுவது சுலபம். ஆயினும் ஜப்பானிடம் அவர் பெற்ற பெரிய செல்வம் அந்த உருவங்களன்று, சித்திரத்தை ஒரு கைவினைப் பொருளாகவே பாவித்து அதன் மேற்பரப்பை வழிபாட்டுச் சிரத்தையோடு முடிக்கும் மனப்பான்மையே என்பது என் துணிபு. உலோகக் கம்பி வரப்புக்குள் கண்ணாடி மெருகை நிரப்பும் ‘ஷிப்போ’ வேலைக்கும் அவருடைய பலகைக்கும் உள்ள உறவு பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

இந்திய ஓவியத்துக்கு இந்த ஜப்பானியச் சம்பந்தம் புதியதன்று. 1902இல் ஜப்பானியக் கலை அறிஞர் ஒககுரா கல்கத்தா வந்ததையும், அடுத்த ஆண்டு தைக்கான், ஷுன்சோ என்னும் ஜப்பானிய ஓவியர்கள் வங்க ஓவியர் அவனீந்திரநாத தாகூரோடு பழகியதையும் தொடர்ந்து, வர்ணத்தை நீரில் கரைத்துக் கழுவிப் படியவைக்கும் முறை வங்கத்தில் வேரூன்றியது. அவனீந்திரரின் மாணாக்கர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமையை ஏற்றபோது அந்தப் பரம்பரை தமிழகத்தையும் எட்டியது.

அதே ஜப்பானிய மரபு கணினி வழியாகவும் நம் காலத்துக்கு வந்திருக்கிறது. ‘நிஹோங்கா’ என்னும் ஜப்பானிய மரபு ஓவியத்தில் முனைவர் பட்டம் பெற்ற டக்காஷி முரகாமி (பிறப்பு 1962), கையால் வரைந்த கோட்டுருவைக் கணினியில் ஏற்றிச் செப்பனிட்டு, நிறம் தேர்ந்து, பின்பு திரையச்சாலும் உதவியாளர் பலருடைய தூரிகையாலும் துணியில் இறக்குகிறார். 2003இல் அவர் லூயி வுய்ட்டான் கைப்பைகளுக்கு 33 நிறங்களில் செய்த அலங்காரம் உலகெங்கும் கடைவீதிகளில் பரவிற்று. தமிழகத்தில் கணினியைத் தூரிகையாக ஏற்ற முன்னோடி ஓவியர் டிராட்ஸ்கி மருது. கணினியில் தவறிய கோட்டை மீட்டுக்கொள்ளலாம். ஊற்றிய எனாமலை மீட்க வழியில்லை. ஷாவின் படங்களில் நாம் உணரும் ஒருவகைப் பதற்றத்துக்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

போஷ் என்னும் பழைய ஓவியரின் படத்தலைப்பைத் தாங்கிய ‘இன்ப உலகத் தோட்டம்’ வரிசை ஷாவுக்குப் புகழ் தந்தது. அதன் மூன்றாம் படம் 2007 அக்டோபரில் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 27 லட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று. 2006இல் டேட் பிரிட்டனிலும், 2008இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் அவர் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிற்காலப் படங்களில் கற்பனை விலங்குகளின் கூட்டம் குறைந்து, காஷ்மீரத்து ஏரியும் பனிமலையும் ஓவியரின் சொந்த உருவமும் முன்னே வருகின்றன. 2009இல் தொடங்கிய ‘இழந்த சொர்க்கம்’ 21 பலகைகளாக நீண்டு, சுமார் 100 அடி அகலத்தில் 2025இல் சிகாகோ கலை நிறுவனத்தில் மக்கள் பார்வைக்கு வந்தது.