முடிவிலி

எந்த எண்ணாலும் எட்ட முடியாத அளவைக் குறிக்கும் கணிதக் கருத்து. 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போனால் கடைசி எண் வராது என்பது சிறுவருக்கும் தெரியும். அந்த எண்கள் அனைத்தையும் ஒரே முழுமையாகக் கொள்ளலாமா என்பதுதான் கடினமான கேள்வி.

கூடாது என்றார் அரிஸ்டாட்டில். ஒரு கோட்டைப் பிரித்துக்கொண்டே போகலாம். பிரித்து முடித்த நிலை என்று ஒன்று இல்லை என்பது அவர் வாதம். ஐரோப்பா நெடுங்காலம் இதைத் தாண்டவில்லை. இந்தியாவில் தயக்கம் குறைவு. சமண நூல்கள் எண்களை எண்ணத்தக்கவை, எண்ணிறந்தவை, அனந்தம் என வகுத்து, அனந்தத்துக்குள்ளும் பிரிவுகள் கண்டன. சுழியால் வகுத்துக் கிடைக்கும் அளவோடு எதைக் கூட்டினாலும் கழித்தாலும் அது மாறாது என்று 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எழுதினார். சுழியால் வகுப்பதை இன்றைய கணிதம் ஏற்பதில்லை. ஆனால் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாமை என்ற பண்பை அவர் சரியாகவே பிடித்திருந்தார். கேரளத்தின் சங்கமகிராம மாதவர் முடிவிலாத் தொடரால் வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிட்டதாக அவர் வழிவந்தோர் குறிப்பிடுகின்றனர்.

படுத்த 8 போன்ற குறியீட்டை 1655இல் ஜான் வாலிஸ் வழக்குக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்பே, 1638இல், கலீலியோ ஒரு புதிரைக் கண்டிருந்தார். 1க்கு 1, 2க்கு 4, 3க்கு 9 என ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வர்க்கத்தை இணை சேர்த்தால் எதுவும் மிஞ்சாது. வர்க்கங்களோ எண்களின் ஒரு பகுதி மட்டுமே. பெரிது, சிறிது, சமம் என்ற சொற்கள் முடிவிலிக்குப் பொருந்தா என்று முடித்துவிட்டார்.

கலீலியோ நின்ற இடத்திலிருந்து நடந்தவர் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த கியோர்க் கான்டர் (1845–1918). எண்ணிப் பார்க்க முடியாவிட்டால் என்ன, இணை சேர்த்து ஒப்பிடலாமே என்ற அவருடைய துணிவே இந்த வரலாற்றின் திருப்பம். மெய்யெண்களின் (தசமமாக எழுதத்தக்க எண்கள் அனைத்தின்) முடிவிலி, 1, 2, 3 என்னும் இயல் எண்களின் முடிவிலியைவிடப் பெரியது என்று 1874இல் காட்டினார். 1891இல் அவர் தந்த நிறுவல் இன்னும் எளியது. 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தசம எண்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டதாகக் கொள்வோம். முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம் என மூலைவாக்கில் இறங்கி, ஒவ்வொன்றையும் தக்கபடி மாற்றிப் புதிய எண் அமைத்தால், அது பட்டியலின் எந்த எண்ணோடும் ஒத்துப்போகாது. ஆக, எந்தப் பட்டியலும் முழுமை பெறாது. சில வரிகளில் இவ்வளவு தொலைவு செல்லும் நிறுவல்கள் கணிதத்தில் அரிது.

பெர்லினில் செல்வாக்குமிக்க கணிதவியலாளர் குரோனெக்கர் கான்டரின் இந்தக் கருத்துகளைக் கடுமையாக எதிர்த்தார். மற்றொரு கணிதவியலாளரான ஹில்பர்ட்டோ உறுதியாக ஆதரித்தார். இயல் எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் இடைப்பட்ட அளவு எதுவும் இல்லை என்ற கான்டரின் கருதுகோளை, 1900இல் தாம் முன்வைத்த கணிதச் சிக்கல்களில் முதலாவதாக வைத்தார். வழக்கிலுள்ள கணக்கோட்பாட்டு அடிகோள்களைக் கொண்டு அதை மறுக்க இயலாது எனத் தருக்கவியலாளர் கேடல் காட்டினார்; நிறுவவும் இயலாது என 1963இல் பால் கோஹன் காட்டினார். அதைத் தீர்க்கக்கூடிய புதிய அடிகோள்களைக் கணிதவியலாளர் இன்றும் தேடிவருகின்றனர்.