நரம்பு அறுந்த தசையும் இன்சுலினும்

1921இல் டொரான்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்ட பிறகு, சர்க்கரை நோய் பற்றிய சிந்தனை பெரிதும் கணையத்தைச் சுற்றியே நின்றது. சாவின் விளிம்பிலிருந்த குழந்தைகள் ஊசி மருந்தால் எழுந்து நடந்ததைக் கண்டவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால், ரத்தத்தில் இன்சுலின் இருந்தால் மட்டும் போதாது. தசையும் அதற்கு இணங்க வேண்டும். அந்த இணக்கத்தில் நரம்புக்கும் பங்குண்டு என்பதைத் தெளிவாகக் காட்டியது எலியின் உதரவிதானத் தசை.

பிராணவாயுவும் குளுக்கோஸும் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது என்பதால், 1940களிலேயே ஆய்வுக்கூடங்கள் அந்தத் தசையை உடலிலிருந்து எடுத்து இன்சுலின் கலந்த நீர்மத்தில் வைத்து, அது குளுக்கோஸை ஏற்பதை அளந்துவந்தன. அதன் வலப் பாதிக்கும் இடப் பாதிக்கும் தனித்தனி நரம்பு உண்டு. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் மரியா பியூஸ், ஜான் பியூஸ் இணையர் 1959இல் வெளியிட்ட ஆய்வின் வலிமை இந்த அமைப்பில்தான் இருக்கிறது. ஒரு பக்க நரம்பை மட்டும் அறுத்தார்கள். அந்தப் பாதி இன்சுலினுக்கு மறுபாதி அளவுக்கு இணங்கவில்லை. இரண்டும் ஒரே விலங்கின் தசை, ஒரே ரத்தத்தில் ஊறியவை. ஆகவே குற்றத்தைக் கணையத்தின்மேலோ தீனியின்மேலோ போட முடியாது. தசை மெலிந்ததுதான் காரணமோ என்று கேட்கலாம். நரம்பிழந்த உதரவிதானப் பாதியோ, மறுபக்கத்தின் இழுப்பால் முதல் சில நாள் பருக்கிறது, பிறகே மெலிகிறது. இது 1953இலேயே பதிவானது. கால்தசைகளிலும் இணக்கம் ஒரே நாளில் சரிவதைப் பிற்கால அளவீடுகள் காட்டின. ஒரு நாளில் தசை அவ்வளவு கரைந்துவிடாது.

இன்சுலினைப் பற்றும் ஏற்பிகள் குறைந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு 1980களில் பதில் கிடைத்தது: ஏற்பிகளின் பற்றும் திறன் குன்றவில்லை, கோளாறு அதற்கு அப்பால் இருந்தது. குளுக்கோஸைச் செல்லுக்குள் கடத்தும் குளுட்-4 புரதம் நரம்பறுந்த மூன்றாம் நாளில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது என்று 1991இல் அறிந்தார்கள். முதல் நாளில் அப்புரதத்தின் அளவு மாறவில்லை, இணக்கம் மட்டும் சரிந்திருந்தது. ஆக, முதலில் கெடுவது குளுட்-4இன் இருப்பு அல்ல, அதைச் செல்லின் வெளிமென்படலத்துக்கு வரவழைக்கும் ஏற்பாடு என்றே கருதுகிறேன்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இழப்பு நரம்பினுடையதா, அசைவினுடையதா? தண்டுவடம் முறிந்தவர்களில் பலருக்குத் தசையை எட்டும் நரம்பு உயிரோடுதான் இருக்கிறது. மூளையின் கட்டளை மட்டும் வருவதில்லை. அவர்களிடமும் இன்சுலின் எதிர்ப்பு இருப்பதை 1980இல் வெளியான ஆய்வு காட்டியது. உடற்கொழுப்பு கூடுவதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆயினும் 1990களில் மின்தூண்டலால் அவர்களின் கால்களைச் சைக்கிள் மிதிக்க வைத்தபோது, தசையில் குளுட்-4 பெருகியது, குளுக்கோஸ் ஏற்பும் கூடியது. எனவே அசைவின் பங்கு பெரிது என்று ஒப்புக்கொள்கிறேன். அதனால் நரம்பின் இடம் சிறுத்துவிடாது. அன்றாட வாழ்வில் எலும்புத்தசையை இயக்கும் கட்டளை நரம்பு வழியாகத்தான் வருகிறது.